பக்கத்து வீட்டுக்கு மட்டும் பத்திரிகை இல்லை

காலையில் எழுந்ததும் பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த அரசாங்கத்துக்கும் தானாகத் தோன்றியதாகச் சரித்திரம் இல்லை. யாராவது கல்லாவில் கைவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டன் பாடிய பாட்டும் முப்பாட்டன் ஆடிய கூத்தும் ஞாபகத்துக்கு வரும்.

1998 ஜூன் 29, 30 தேதிகளில் கனடாவின் தலைநகர் ஆட்டவாவில் ஏறக்குறைய 20 நாடுகளின் பண்பாட்டு மந்திரிகள் கூடினார்கள். உலகமயமாதல் என்ற வெள்ளத்தில் நம் பாட்டு, நம் படம், நம் புத்தகம் எல்லாம் அடித்துக்கொண்டு போகிறதே, என்ன செய்யலாம் என்பது பேச்சு. பிரிட்டன் வந்தது, மெக்சிகோ வந்தது, பிரேசில் வந்தது. தரைவழியில் கனடாவைத் தொட்டுக்கொண்டு அப்போது இருந்தது ஒரே ஒரு நாடு. அந்த அமெரிக்காவுக்கு மட்டும் மேசையில் இடம் இல்லை. காரணம் கேட்டால், இது பண்பாட்டு மந்திரிகளின் கூட்டம், உங்கள் ஊரில்தான் அப்படி ஒரு மந்திரியே கிடையாதே என்றார்கள். சட்டப்படி சுத்தமான பதில். ஊரையே கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, காம்பவுண்டுச் சுவரை ஒட்டியிருக்கும் வீட்டுக்காரரிடம் மட்டும், தம்பதி சமேதராய் வரவும் என்று அச்சடித்துவிட்டோம், உங்களுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்று சொல்வது மாதிரி.

இரண்டு நாளும் அங்கே பேசப்பட்டது யாரைப் பற்றி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்குப் பண்பாட்டு மந்திரி இல்லை என்பதும் காகிதத்தில்தான். அந்த வேலையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜாக் வாலென்டி. ஹாலிவுட் பட நிறுவனங்களின் சங்கத்துக்கு 1966 முதல் 2004 வரை தலைவர். அதற்கு முன்னால் அதிபர் லிண்டன் ஜான்சனின் உதவியாளர். கென்னடி சுடப்பட்ட அன்று விமானத்துக்குள் ஜான்சன் பதவியேற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தில் ஓரமாகத் தெரிகிற முகங்களில் ஒன்று அவருடையது. 38 வருடம் ஒரே நாற்காலியில் உட்காரும் பாக்கியம் மந்திரிகளுக்கு லேசில் வாய்ப்பதில்லை. இவர் உட்கார்ந்தார். இவருக்குத் தேர்தலும் கிடையாது.

முன்கதை கொஞ்சம் பழசு. 1946 மே மாதம். போர் முடிந்து பிரான்ஸின் கஜானா காலி. முன்னாள் பிரதமர் லியோன் ப்ளூம் வாஷிங்டனுக்குப் போய், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பர்ன்ஸோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போர்க்காலக் கடன் தள்ளுபடி, மேற்கொண்டு புதுக் கடன். பதிலுக்கு ஒரு சின்ன விஷயம்: பிரெஞ்சுத் தியேட்டர்களில் மூன்று மாதத்துக்கு நான்கு வாரம் மட்டும் உள்ளூர்ப் படத்துக்கு ஒதுக்கினால் போதும். மிச்ச வாரங்களில் யார் படம் வேண்டுமானாலும் ஓடலாம். ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்த வருடங்களில் பிரான்ஸுக்குள் வர முடியாமல் பெட்டி பெட்டியாகக் காத்திருந்த ஹாலிவுட் படங்களுக்கு, யார் என்பதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

1948 ஜனவரியில் பிரெஞ்சு நடிகர் நடிகைகள் பாரிஸ் தெருவில் ஊர்வலம் போனார்கள். முன்வரிசையில் நட்சத்திரங்கள், பின்னால் லைட்பாய் வரை அத்தனை பேரும். விளைவாக நான்கு வாரம் ஐந்து வாரமானது. ஒரு வாரத்துக்கு இவ்வளவு அழகான முகங்கள் குளிரில் நடந்த வரலாறு வேறு இல்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்தார்கள். விற்கிற ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கு பிரெஞ்சு சினிமாவின் நிதிக்குப் போகும்படி சட்டம் போட்டார்கள். ஹாலிவுட் படம் பார்க்கப் போகிறவர், தனக்கே தெரியாமல் ஏதோ ஒரு பிரெஞ்சு இயக்குநரின் மழையில் நனையும் காதல் படத்துக்கு மொய் எழுதிவிட்டு வருகிறார். ஊர்வலத்தைவிட இது எவ்வளவோ உருப்படியான வேலை. இதற்காக யாரும் கோஷம் போடவில்லை என்பதால் சரித்திரப் புத்தகங்களில் இதற்கு நாலு வரிதான்.

1993 இலையுதிர் காலத்தில் சண்டை மறுபடி சூடாயிற்று. செப்டம்பர் கடைசியில் 'ஜெர்மினல்' வெளியானது. எமில் ஜோலாவின் நாவல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், பட்டினி, வேலைநிறுத்தம், கரி பூசிய முகத்தோடு ஜெரார் தெபார்தியு. அதுவரை பிரான்ஸில் எடுத்த படங்களிலேயே அதிகச் செலவு. அதிபர் மித்தராண்டே லீல் நகரத்துக்குப் போய் முதல் காட்சி பார்த்தார். மூன்று வாரம் கழித்து எதிர்த்தரப்பு இறங்கியது: 'ஜுராசிக் பார்க்'. ஒரு பக்கம் 19ஆம் நூற்றாண்டுப் பாட்டாளி வர்க்கம், இன்னொரு பக்கம் பல்லைக் காட்டும் டைனோசர். தேசத்தின் மானம் தியேட்டர் வாசலில் ஊசலாடியது. இரண்டு படங்களுக்கும் 60 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. டைனோசர் கொஞ்சம் முந்திக்கொண்டது. தேசபக்தி உள்ள பிரெஞ்சுக்காரர் இரண்டையும் பார்த்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அந்த டிசம்பரில் ஜெனிவாவில் உலக வர்த்தக ஒப்பந்தம் முடிந்தபோது சினிமா விஷயத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒத்துப்போக முடியாது என்பதில் மட்டும் ஒத்துப்போய், அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டன.

கனடாவின் கஷ்டம் வேறு ரகம். தான் யார் என்பதில் பிரெஞ்சுக்காரருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் கனடியருக்கும் அவ்வளவாக வந்ததில்லை. ஆங்கிலம் பேசும் கனடியர்தான் பாவம். பேசுவது அதே மொழி, பார்ப்பது அதே டிவி. ஜனத்தொகையில் பெரும்பகுதி அமெரிக்க எல்லையை ஒட்டியே குடியிருக்கிறது. ஆண்டெனாவை லேசாகத் திருப்பினால் அந்தப் பக்கத்து நிகழ்ச்சி தெளிவாகத் தெரியும். ஆகவே யார் கனடியர், எது கனடியம் என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர்கள் ஒலிபரப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள். ஆணையம் என்றால் என்ன செய்யும்? படிவம் தயாரித்தது.

1971 ஜனவரி முதல் வானொலியில் போடும் பாட்டுகளில் 30 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. எது கனடியப் பாட்டு? நான்கு கேள்விகள். இசை அமைத்தவர் கனடியரா, பாடியவர் கனடியரா, தயாரிப்பு கனடாவிலா, வரிகள் கனடியருடையதா. நான்கில் இரண்டு மதிப்பெண் வாங்கினால் பாஸ். வானொலி நிலையங்கள் இதற்கு உடனே வழி கண்டுபிடித்தன. உள்ளூர்ப் பாட்டுகளையெல்லாம் அள்ளி, ஊர் அடங்கிய பிறகு போட்டன. அந்த நேரத்துக்கு 'பீவர் நேரம்' என்று பட்டப்பெயரே விழுந்தது. பீவர் அவர்களுடைய தேசிய விலங்கு. அதுவும் ராத்திரியில்தான் வேலை செய்யும்.

சிரிக்க நமக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு. 2006இல் தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும், 'எம்டன் மகன்' ஒரே இரவில் 'எம் மகன்' ஆன கதை கோடம்பாக்கத்துக்குத் தெரியும். அப்பனை மாற்றினாலும் வரி மிச்சம் என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

கனடியப் படிவத்தின் உச்சக்கட்டம் 1991இல் வந்தது. பிரையன் ஆடம்ஸ் ஒன்டாரியோ மாகாணத்தில் கிங்ஸ்டனில் பிறந்தவர். ராபின் ஹுட் படத்துக்காக அவர் பாடிய காதல் பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. கல்யாண வீடியோக்களில் இன்றுவரை அதற்கு ஓய்வு இல்லை. உலகமே அவரைக் கனடியர் என்று கொண்டாடிக்கொண்டிருக்க, ஆணையம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் பார்த்தது. கனடியர் அல்லாதவர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார், ஆகவே இசைக்கு மதிப்பெண் இல்லை. வரிகளுக்கும் அதே கதி. பதிவு செய்தது வெளிநாட்டில், அதற்கும் இல்லை. பாடியவர் கனடியர், அதற்கு ஒன்று. நான்குக்கு ஒன்று, ஃபெயில். கனடாவின் ஆகப்பெரிய நட்சத்திரத்தின் ஆகப்பெரிய பாட்டு கனடியப் பாட்டு இல்லை என்று கனடாவே சான்றிதழ் கொடுத்தது. ஆடம்ஸ் கோபப்பட்டார், பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, பிறகு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இதே படிவ புத்தியிலிருந்து ஒரே ஒரு முறை நல்லது நடந்தது, அதுவும் தவறிப்போய். 1980இல் 'எஸ்சிடிவி' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி கனடிய அரசுத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் விளம்பரம் அதிகம் என்பதால் கனடியப் பிரதி இரண்டு நிமிடம் நீளம். அந்த இரண்டு நிமிடத்தை அடையாளம் தெரிகிற மாதிரி கனடியமாக எதையாவது வைத்து நிரப்புங்கள் என்று மேலிடத்து உத்தரவு. நிகழ்ச்சியை எழுதுகிறவர்கள், நடிக்கிறவர்கள், எடுக்கிற இடம் எல்லாம் பெரும்பாலும் கனடாதான். அது போதாதாம். ரிக் மொரானிஸ், டேவ் தாமஸ் என்ற இரண்டு நடிகர்களுக்கு எரிச்சல் வந்தது. கனடியம்தானே வேண்டும், இந்தா பிடி என்று கம்பளித் தொப்பியும் கட்டம் போட்ட தடிச்சட்டையும் மாட்டிக்கொண்டு, பின்னால் கனடா வரைபடத்தைத் தொங்கவிட்டு, கையில் பீர் புட்டி, பக்கத்தில் அடுப்பில் பன்றி இறைச்சி வதங்க, ஒத்திகை இல்லாமல் இரண்டு நிமிடம் வாய்க்கு வந்ததை உளறினார்கள். பாப், டக் என்ற அந்த இரண்டு மந்த சகோதரர்கள் அதிகாரிகளைக் கேலி செய்யப் பிறந்தவர்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி அவர்களைக் கேட்டு வாங்கிப் போட்டது. இசைத்தட்டு வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 16ஆம் இடம் வரை ஏறியது. 1983இல் முழுநீளப் படமே வந்தது. கனடியப் பண்பாட்டுக் கொள்கையின் மிகப் பெரிய ஏற்றுமதி, அந்தக் கொள்கையைக் கிண்டல் செய்த இரண்டு குடிகாரர்கள்.

இனி முக்கியமான தகராறுக்கு வருவோம். பத்திரிகைத் தகராறு. அமெரிக்க வார இதழ் ஒன்று, செய்தியெல்லாம் நியூயார்க்கில் எழுதியதையே வைத்துக்கொண்டு, விளம்பரத்தை மட்டும் டொரன்டோ கடைக்காரர்களிடம் வாங்கிக் கனடியப் பதிப்பு என்று ஒன்று போட்டால் என்ன ஆகும்? எழுத்துக்கு ஏற்கெனவே அமெரிக்காவில் செலவு செய்தாயிற்று. கனடாவில் வருவது முழுக்க லாபம். விளம்பரத்தைப் பாதி விலைக்கும் கொடுக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகை படுத்துவிடும். கனடா இதை முன்கூட்டியே யோசித்து 1965இலேயே இந்த மாதிரிப் பதிப்புகள் எல்லை தாண்டக் கூடாது என்று சுங்கத் தடை போட்டுவிட்டது. 'டைம்' இதழ் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால் அதற்கு விலக்கு.

1993இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' ஒரு காரியம் செய்தது. பக்கங்களைச் செயற்கைக்கோள் வழியே கனடாவுக்குள் அனுப்பி, அங்கேயே அச்சடித்தது. சுங்கச் சாவடியில் அதிகாரி லாரியை நிறுத்தித் திறந்து பார்க்கலாம். வானத்தில் போவதை எங்கே நிறுத்துவது? 28 வருடம் கட்டிக் காத்த கோட்டைக்கு மேலே கூரை போட மறந்துவிட்டார்கள். இரண்டு வருடம் யோசித்து 1995 கடைசியில் கனடா ஒரு வரி போட்டது. அப்படிப்பட்ட பதிப்பில் வரும் விளம்பர வருமானத்துக்கு 80 சதவீதம். இதை வரி என்று சொல்வது மரியாதைக்காக. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் கனடியப் பதிப்பை மூட்டை கட்டியது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது.

ஜெனிவாவில் வர்த்தக நிபுணர்கள் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய கேள்வி: அமெரிக்கச் சரக்கும் கனடியச் சரக்கும் ஒரே மாதிரிப் பொருளா? எஃகுத் தகடு என்றால் அளந்து பார்க்கலாம், கோதுமை என்றால் நிறுத்துப் பார்க்கலாம். பத்திரிகையை என்ன செய்வது? படித்துப் பார்க்கலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 'ஹாரோஸ்மித் கன்ட்ரி லைஃப்' என்ற கிராமிய வாழ்க்கை இதழை எடுத்து, இதன் அமெரிக்கப் பதிப்பும் கனடியப் பதிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் கனடாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அந்த உதாரணமே தப்பு என்று தூக்கிப் போட்டார்கள். கனடா நிமிர்ந்து உட்கார்வதற்குள், டைம் இதழும் கனடாவின் 'மெக்லீன்ஸ்' இதழும் ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டிதானே என்று வேறு காரணம் சொல்லி அதே தோல்வியைத் திரும்பக் கொடுத்தார்கள். தேதி 1997 ஜூன் 30. ஆட்டவா மாநாடு முடிந்தது சரியாக அடுத்த வருடம் இதே நாள். பஞ்சாங்கம் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

அப்போது கனடாவில் பாரம்பரியத் துறை மந்திரி ஷீலா காப்ஸ் அம்மையார். எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில், கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவப் பார்த்த மந்திரி ஒருவரைப் பிடிப்பதற்காக நாடாளுமன்றக் குழு அறையில் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்தவர். சரக்கு சேவை வரியை ஒழிக்காவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று வாக்குக் கொடுத்து, வரி ஒழியாமல் போகவே 1996 மே மாதம் ராஜினாமா செய்து, ஜூன் மாதம் இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தவர். கனடியக் கொடி பத்து லட்சத்தை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் இவருடையதுதான். இலவசம் கொடுத்து அரசியல் செய்வதைத் தமிழ்நாட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார் என்ற பெருமையை நாம் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவர் வர்த்தக நீதிமன்றத்தில் தோற்றுவிட்டுச் சும்மா இருப்பாரா? இரண்டு வேலை செய்தார். ஒன்று, 1998 அக்டோபரில் புது மசோதா. பத்திரிகைக்கு வரி போடுவதில்லை; ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை கனடிய வியாபாரியிடம் விளம்பரம் வாங்குவதே குற்றம். அமெரிக்கா பதிலடிப் பட்டியல் தயாரித்தது: ஜவுளி, பிளாஸ்டிக், மரம், எஃகு. எஃகுக்கும் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்? ஷீலா அம்மையாரின் தொகுதி ஹாமில்டன். கனடாவின் எஃகு உருக்காலைகள் இருக்கும் ஊர். வாஷிங்டனில் யாரோ தேர்தல் வரைபடத்தை விரித்து வைத்து ஆற அமர வேலை பார்த்திருக்கிறார்கள். 1999 மே மாதம் சமாதானம் ஆயிற்று. அமெரிக்கப் பத்திரிகைகள் 12 சதவீதம் வரை கனடிய விளம்பரம் வாங்கலாம், மூன்று வருடத்தில் அது 18 சதவீதம் ஆகும். தன்மானத்துக்கு இவ்வளவு துல்லியமாக யாரும் சதவீதம் போட்டதில்லை.

இரண்டாவது வேலைதான் ஆட்டவா கூட்டம். வர்த்தக மந்திரிகளின் ஊரில் நமக்கு நியாயம் கிடைக்காது, நாம் நமக்கென்று ஓர் ஊர் கட்டிக்கொள்வோம் என்பது யோசனை. என் கணிப்பில் அம்மையார் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான். எந்த நாட்டு மந்திரிசபையிலும் பண்பாட்டு மந்திரி கடைசி வரிசை. நிதி மந்திரி எழுந்தால் அமைதி நிலவும். பண்பாட்டு மந்திரி எழுந்தால் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போவார்கள். அப்படிப்பட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால், அங்கே முதல்முறையாக யாரும் எழுந்து போகவில்லை. பண்பாட்டுக் கொள்கைக்கான சர்வதேச வலையமைப்பு என்று பெயர் வைத்து வருடாவருடம் கூடினார்கள். 1999இல் மெக்சிகோவின் வஹாகா. 2000இல் கிரேக்கத்தின் சான்டொரினித் தீவு. 2001இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரை. அப்புறம் கேப்டவுன், குரோவேஷியக் கடற்கரையில் ஒபாட்டியா, ஷாங்காய். இதே 1999இல் வர்த்தக மந்திரிகள் கூடிய இடம் சியாட்டில். அவர்களுக்குக் கிடைத்தது தெருவெல்லாம் கண்ணீர்ப்புகை. எந்தத் துறை நல்ல துறை என்று இதற்கு மேலும் சந்தேகம் இருப்பவர்கள் வர்த்தகத்துக்கே போகட்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், இவர்கள் ஏரி பார்த்துவிட்டு மட்டும் வரவில்லை. கேப்டவுனில் 2002இல் ஓர் ஒப்பந்த வரைவே கைக்கு வந்துவிட்டது. சினிமாவும் பாட்டும் புத்தகமும் வெறும் சரக்கு கிடையாது, அவற்றைப் பேண ஓர் அரசுக்குச் சட்டம் போடும் உரிமை உண்டு என்பது சாரம். அதை யுனெஸ்கோவின் தலையில் கட்டலாம் என்று தீர்மானித்தார்கள். யுனெஸ்கோவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பல நல்ல காரணங்கள். அவற்றில் ஒன்று, அமெரிக்கா அங்கே இல்லை. 1984 கடைசியில் கோபித்துக்கொண்டு வெளியே போனது, அதுவரை திரும்பவில்லை.

2003 அக்டோபர் முதல் தேதி அமெரிக்கா யுனெஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. 19 வருடம் எட்டிப் பார்க்காதவர்கள், இந்த ஒப்பந்தத்தை எழுத ஆரம்பிக்கலாம் என்று பொதுமாநாடு முடிவெடுத்த அதே மாதம் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைசிக் கட்டத்தில் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸே மற்ற நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் எத்தனை பேரை இந்தப் பக்கம் தள்ளியது என்பதை யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

2005 அக்டோபர் 20. பாரிஸில் வாக்கெடுப்பு. ஆதரவு 148. எதிர்ப்பு 2: அமெரிக்கா, இஸ்ரேல். நடுநிலை 4: ஆஸ்திரேலியா, ஹோண்டுராஸ், நிகராகுவா, லைபீரியா. கையில் இத்தனை விமானந்தாங்கிக் கப்பல்களை வைத்திருக்கும் நாட்டுக்கு ஒரு வாக்கெடுப்பில் இவ்வளவு தனிமை அடிக்கடி வாய்ப்பதில்லை.

அரங்கத்தில் கொண்டாட்டம். ஷீலா காப்ஸ் அங்கே மந்திரியாக இல்லை. 2003இல் கட்சித் தலைமைக்குப் பால் மார்ட்டினை எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தார். மார்ட்டின் பிரதமரானதும் இவருக்கு மந்திரிசபையில் இடம் இல்லை. அடுத்த வருடம் தொகுதி எல்லைகள் மாறி, சொந்த ஊர் ஹாமில்டனிலேயே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பிலும் தோற்றார். அமெரிக்கா எஃகைக் காட்டி மிரட்டி முடிக்க முடியாததைச் சொந்தக் கட்சிக்காரர்கள் ஓட்டுச் சீட்டை வைத்து முடித்துவிட்டார்கள். 2005 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தை உலகிலேயே முதல் நாடாகக் கனடா ஏற்றுக்கொண்டது. பெருமை பிரதமர் மார்ட்டினின் அரசுக்கு.

இத்தனை பாடுபட்டு நிறைவேறிய ஒப்பந்தத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் பத்தி, இந்த ஒப்பந்தம் வேறு எந்த ஒப்பந்தத்துக்கும் கீழ்ப்பட்டது கிடையாது என்று மீசையை முறுக்குகிறது. இரண்டாம் பத்தி, மற்ற ஒப்பந்தங்களில் உங்களுக்கு இருக்கும் உரிமையும் கடமையும் இதனால் எந்த விதத்திலும் மாறாது என்று மீசையை மழித்துவிடுகிறது. 148 பேர் மனமொத்துக் கையைத் தூக்கியதற்கு அந்த இரண்டாம் பத்திதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்தியாவும் 2006 டிசம்பரில் இதில் சேர்ந்துகொண்டது. நமக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இரண்டாம் பத்தியின் மகிமையை முதலில் அறிந்தது தென்கொரியா. அந்த நாட்டு சினிமாக்காரர்களின் கோபம் சாதாரணமானதல்ல. 80களின் கடைசியில் ஹாலிவுட் நிறுவனம் நேரடியாகப் படம் வெளியிட ஆரம்பித்தபோது, தியேட்டருக்குள் உயிருள்ள பாம்புகளை அவிழ்த்து விட்டவர்கள். பண்பாட்டுக் கொள்கை விவாதத்தில் பாம்பின் பங்களிப்பு பற்றி யுனெஸ்கோ ஆவணங்களில் ஒரு வரி இல்லை. அங்கே ஒவ்வொரு தியேட்டரும் வருடத்துக்கு 146 நாள் கொரியப் படம் ஓட்ட வேண்டும் என்று விதி. பாரிஸில் ஆதரவாக ஓட்டுப் போட்டு மூன்று மாதம் ஆனது. 2006 ஜனவரியில், அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேச வேண்டியிருந்ததால், 146ஐப் பாதியாக்கி 73 ஆக்குகிறோம் என்று அரசு அறிவித்தது. 'ஓல்ட்பாய்' கதாநாயகன் சோய் மின்-சிக் தனக்கு அரசு கொடுத்த கலைப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அரசு பதக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டது. 73 நாள் 73 நாளாகவே இருந்தது.

அடுத்தது சீனா. 2004இல் ஷாங்காயில் மந்திரிகளை உட்காரவைத்து உபசரித்த நாடு. வெளிநாட்டுப் புத்தகம், படம், இசையை யார் இறக்குமதி செய்யலாம் என்று சீனா வைத்திருந்த கட்டுப்பாடுகள் மீது அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. சீனா தன் பங்குக்கு யுனெஸ்கோ ஆவணங்களைக் காட்டியது. பண்பாட்டுப் பன்மையைக் காப்பாற்றத் தணிக்கை செய்கிறோம் என்று ஒரு நாடு சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பதற்குத்தான் சர்வதேச நீதிபதிகளுக்குச் சம்பளம். 2009 டிசம்பரில் சீனா தோற்றது. 2012இல், வசூலில் பங்கு தரும் முறையில் வருடத்துக்கு 20 வெளிநாட்டுப் படம் என்றிருந்ததை 34 ஆக்கச் சம்மதித்தது.

எந்தப் பத்திரிகைகளுக்காக இத்தனையும் தொடங்கியதோ அவை என்ன ஆயின? 18 சதவீதம் திறந்துவிட்டும் அமெரிக்க இதழ்கள் திமுதிமுவென்று கனடாவுக்குள் ஓடி வரவில்லை. டைம் இதழே 2008 கடைசியில் கனடியப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. விளம்பரப் பணமெல்லாம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. அதற்கும் கனடா சட்டம் போட்டது. செய்திக்குக் காசு கொடு என்று 2023இல் சட்டம் வந்ததும், ஃபேஸ்புக் கனடாவில் செய்தி காட்டுவதையே நிறுத்திவிட்டது. பெரும்பாலும் அமெரிக்கப் பெருநிறுவனங்களைத் தொடும் டிஜிட்டல் சேவை வரி ஒன்று போட்டு, முதல் தவணை 2025 ஜூன் 30 என்று தேதியும் குறித்தார்கள். (இந்த ஜூன் 30ஐ விடமாட்டார்கள்.) அதிபர் டிரம்ப் வர்த்தகப் பேச்சுவார்த்தையை முறித்தார். ஜூன் 29ஆம் தேதி ராத்திரி கனடா வரியை வாபஸ் வாங்கியது.

யுனெஸ்கோவோடு அமெரிக்காவின் உறவும் அதே லட்சணம்தான். பாலஸ்தீனத்தை உறுப்பினராக்கியதற்காக 2011இல் சந்தாவை நிறுத்தியது. 2018 கடைசியில் மறுபடி வெளியே போனது. 2023 ஜூலையில் மறுபடி உள்ளே வந்தது. 2025 ஜூலையில் மூன்றாவது தடவையாக, 2026 டிசம்பரில் கிளம்புவதாக நோட்டீஸ் கொடுத்தது. பாரிஸில் யாரும் பதறியதாகத் தெரியவில்லை. 2023இல் திரும்பி வந்தபோது கட்ட வேண்டியிருந்த சந்தா பாக்கி 60 கோடி டாலருக்கு மேல்.